படிவத்தில் இல்லாத தேதி

எங்கள் நோயியல் ஆய்வகத்துக்குக் குடல்வால் வராத நாள் குறைவு. பார்மலின் டப்பாவில் ஒரு விரல் நீளத்துக்குக் கிடக்கும். நுனியை நீளவாக்கில் கீறி, நடுவிலும் அடியிலும் குறுக்கே வெட்டி வைப்போம். அப்புறம் ஸ்லைடைப் பார்த்து ‘அழற்சி’ என்று எழுதினால் வேலை முடிந்தது. பணியில் சேர்ந்த இரண்டாம் வருடம், அந்த நினைப்பில்தான் அதையும் எடுத்தேன்.

படிவத்தில் ஒரே வரி: பெண், வயது 29, வலது அடிவயிற்று வலி 2 நாள், அப்பெண்டிசைட்டிஸ். ஸ்லைடில் உள்சவ்வு சுத்தமாக இருந்தது. சீழ் செல்கள் இல்லை. ஆனால் தசைச் சுவருக்குள், இருக்கவே கூடாத இடத்தில், சுரப்பிகள். கை சில்லிட்டுவிட்டது. சுவருக்குள் சுரப்பி என்றால் புற்றுநோய் இறங்கிவிட்டது என்றுதானே முதலில் தோன்றும்?

மூத்தவர் அரை நிமிஷம்தான் பார்த்தார். “சுரப்பியை விடும்மா, அதைச் சுத்தி என்ன இருக்குன்னு பாரு” என்றார். சுற்றிலும் சின்னச் சின்ன நீலச் செல்கள் நெருக்கமாக. அங்கங்கே பழைய ரத்தம் விட்டுப்போன பழுப்பு நிறம். கருப்பையின் உள்படலம் போன்ற திசு குடல்வாலில் குடியேறியிருந்தது. அந்தத் திசுவை அடையாளம் காட்டும் சிடி10 சாயமும் அதையே சொன்னது. எண்டோமெட்ரியோசிஸ்.

சர்ஜனுக்குப் போன் செய்தேன். “வலி மாதவிலக்கோடு வந்ததா, சார்?” கொஞ்ச நேரம் பதில் இல்லை. மாலையில் அவரே கூப்பிட்டார். “ஒரு வருஷமா அப்படித்தானாம், மேடம். இந்தத் தடவை தாங்க முடியாமத்தான் வந்திருக்காங்க.”

அவர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஸ்கேனில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. வீங்கிய குடல்வால் வீங்கிய குடல்வாலாகத்தான் தெரியும். வலி மாதக் கணக்குப்படிதான் வரும் என்றும் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிலேயே குடல்வால்வரை போவது சிலருக்குத்தான். லேப்ராஸ்கோப்பில் பார்க்கும்போதுகூடச் சில குடல்வால்கள் சாதாரணமாகவே இருக்கும். உறுதி செய்வது ஸ்லைடுதான். அந்தச் சின்னத் திட்டு நாங்கள் வெட்டாமல் விட்ட துண்டில் இருந்துவிட்டால்? ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவோம். அப்படி எத்தனை எழுதினேனோ.

குடல்வாலை எடுத்துவிட்டாலும் நோய் சினைப்பையிலோ இடுப்புக்குள் வேறெங்கோ இருக்கலாம். அதனால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தேன்.

இப்போதெல்லாம் இளம்பெண்ணின் குடல்வாலில் அழற்சி இல்லையென்றால், மிச்சத் துண்டையும் மெழுகில் பதித்து பிளாக் போடச் சொல்கிறேன், அதையும் ஸ்லைடில் பார்க்க. படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதிக்கு ஒரு கட்டமும் கேட்டு வாங்கியாயிற்று. பாதிப் படிவங்களில் அது காலியாகத்தான் வருகிறது. போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.