மஞ்சள் பாம்பாம்

கடைகளில் பார்சல் கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு இருக்கிறதே, அதை முழ நீளத்துக்கு வெட்டி, கற்றையாக்கி, நடுவில் இறுக்கிக் கட்டிச் சீப்பால் சீவினால் இழை இழையாகப் பிரிந்து புசுபுசுவென்று நிற்கும். 2009 பிப்ரவரியில் எங்கள் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து ஆடும்போது கையில் பிடித்து ஆட்டும் பாம்பாம் இப்படிப் பதினாறு செய்தோம். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு. என் சீப்பில் நாலு பல் போனது.

எல்லாம் அதற்கு முந்தைய வருடம் வந்த ஐ.பி.எல். செய்த வேலை. 2008 ஏப்ரல் 18, பெங்களூரில் முதல் ஆட்டம். மெக்கல்லம் 158 அடித்தாரே, அதே ஆட்டம்தான். விஜய் மல்லையாவின் அணி அமெரிக்காவிலிருந்து வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் சியர்லீடர்களை, அதாவது மைதான ஓரத்தில் ஆடி உற்சாகமூட்டும் பெண்களை, வரவழைத்து ஆடவிட்டிருந்தது. ஹாஸ்டல் டிவி ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் ஒரு பிழைப்பா" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த சில நாட்களில் மகாராஷ்டிராவில் ஓர் அமைச்சரே ஆபாசம் என்று பேசினார். வரவழைத்தவர்களை யாரும் ஒன்றும் சொன்ன மாதிரி தெரியவில்லை. அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் கல்லூரிகளுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டி நடந்தபோது பி.டி. சார் எங்கள் டான்ஸ் டீமைக் கூப்பிட்டார். "ஐ.பி.எல். மாதிரி பண்ணிருங்கம்மா, நல்லாருக்கும்." உடையையும் அவர்தான் முடிவு செய்தார்: மஞ்சள் டி-ஷர்ட், முட்டிவரை கறுப்புப் பாவாடை. பாவாடைக்கு உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கியது நாங்கள். இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் மெஸ்ஸுக்குப் பின்னால் பிராக்டிஸ். பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற அக்காக்கள்தான் எங்கள் முதல் ரசிகர்கள். ஒருவர் எங்களைவிட நன்றாகவே தாளம் போடுவார்.

போட்டி நாள். ஃபோர் போனால் எட்டு எண்ணிக்கை, சிக்ஸ் போனால் பதினாறு. பத்தாவது ஓவருக்குள் உள்ளங்கை வியர்த்து, பிளாஸ்டிக் இழை முழங்கைவரை ஒட்டிக்கொண்டது. விசில் வந்தது. அது பரவாயில்லை, விசிலுக்குத்தானே ஆடுகிறோம். அப்புறம் பெவிலியன் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "ரேட் எவ்ளோ?" சுற்றிலும் சிரிப்பு. நான் வரிசையில் மூன்றாவது. கால் அந்த ஒரு எண்ணிக்கை தவறியது. முகத்தில் மட்டும் சிரிப்பை வைத்துக்கொண்டேன். ஆடும்போது சிரிப்பை விடக்கூடாது என்று எங்களுக்கு நாங்களே விதி போட்டிருந்தோம்.

திங்கட்கிழமை எச்.ஓ.டி. அறைக்கு அழைப்பு. கத்தினவனைப் பற்றி விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நம்பிப் போனோம். விசாரணை எங்களைப் பற்றி. யாரோ ஒரு பெற்றோர் புகார் சொல்லியிருக்கிறார், கல்லூரியின் மானம் போய்விட்டதாம். "குடும்பத்துப் பிள்ளைங்க மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டார். உடையைத் தேர்ந்தெடுத்த பி.டி. சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் பெற்றோரை அழைத்து வந்து கடிதம் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கோப்பை ஜெயித்த பையன்கள் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு ஆடிய போட்டோ அதே வாரம் நோட்டீஸ் போர்டில் இருந்தது. அதன் அடியில் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது.

அப்பா ராத்திரி பஸ் பிடித்து வந்தார். வங்கியில் வேலை, கையெழுத்து அச்சுப்போல இருக்கும். "என் மகள் இனி இதுபோன்ற நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள மாட்டாள் என உறுதியளிக்கிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, பேனாவை மூடி வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் மறந்துதான் போயிருந்தேன். 2018இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் ஃபுட்பால் அணி சியர்லீடர் ஒருவரின் செய்தியைப் படித்தபோது எல்லாம் திரும்பி வந்தது. பெய்லி டேவிஸ், வயது 22. தன் இன்ஸ்டாகிராமில், அதுவும் எல்லோரும் பார்க்க முடியாத கணக்கில், லேஸ் வைத்த ஒற்றை உடையில் ஒரு படம் போட்டதற்காக வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். மைதானத்தில் அணியே கொடுத்த சீருடை வயிறு தெரிகிற சீருடைதான். விதிமுறை இன்னும் வேடிக்கை. வீரர்களோடு பழகக்கூடாது, சமூக ஊடகத்தில் அவர்களை பிளாக் செய்ய வேண்டும். ஓட்டலில் இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வீரர் உள்ளே வந்தால் இவர்தான் எழுந்து போக வேண்டும். வீரருக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. வீரர்களிடமிருந்து பெண்களைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்றது அணி. பாதிச் சாப்பாட்டில் தட்டை விட்டு எழுந்து போகும் ஒரு பெண்ணை ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பில்லை யார் கட்டுவார்கள்?

எங்கள் ஐ.பி.எல்.லிலும் 2011இல் இதேதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து மும்பை அணிக்கு சியர்லீடராக வந்த 22 வயதுப் பெண், விருந்துகளில் வீரர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தன் பெயர் சொல்லாமல் வலைப்பதிவில் எழுதினார். அவரைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பழைய கதை உண்டு. சியர்லீடிங் தொடங்கியது 1898 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில். தொடங்கியவர் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அது ஆண்களின் வேலைதான். பின்னால் அமெரிக்க ஜனாதிபதிகளான ஐசனோவர், ரீகன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் எல்லோரும் படிக்கிற காலத்தில் சியர்லீடர்கள். அவர்களுக்கு அது தலைமைப் பண்பு. யாருடைய அப்பாவும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

சரி, உடம்பை மூடினால் பிரச்சினை தீருமா? 2021 ஜூலையில் பல்கேரியாவில் ஐரோப்பிய பீச் ஹேண்ட்பால் போட்டி. நார்வே பெண்கள் பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டு ஆடினார்கள் என்று 1,500 யூரோ அபராதம். பக்கவாட்டில் துணி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாதாம். ஆண்களோ ஷார்ட்ஸ் போட்டே ஆடினார்கள். ஊரே சிரித்த பிறகு அந்த வருடமே விதியை மாற்றினார்கள். துணி குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம். அளவுநாடா மட்டும் எப்போதும் வேறு யார் கையிலோ இருக்கிறது.

கிரிக்கெட்டுக்கு சியர்லீடர் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஃபோர் போனால் சேப்பாக்கம் தானாகவே கத்தும். ஆனால் அது அழைத்து வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். பேப்பரை மடித்துவிட்டு, "நானா? கடிதமா? எதுக்கு?" என்றார். நிஜமாகவே ஞாபகம் இல்லை. ஒரு வரி விடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அந்தக் கத்துன பய யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

இல்லைப்பா என்றேன்.