பாட்டில் மேல தேதி எழுதுங்க, ப்ளீஸ்

லேப்ல சேர்ந்த முதல் வருஷம் என்னை பழைய கெமிக்கல் அலமாரிய ஒழுங்குபடுத்தச் சொன்னாங்க. கடைசித் தட்டுல, மூலைல ஒரு டைஎத்தில் ஈதர் (சீக்கிரம் ஆவியாகி எரியிற ஒரு கரைப்பான்) பாட்டில், பாதிதான் இருந்துச்சு, மூடியச் சுத்தி சர்க்கரை கொட்டின மாதிரி வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்துச்சு. துடைச்சு வைக்கலாம்னு கைய நீட்டினேன், பின்னாடி நின்ன சீனியர் அக்கா "தொடாத! அப்படியே வெளிய வா"ன்னு கத்தினாங்க, அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு.

ஈதர் காத்து பட்டு நாளாக நாளாக பெராக்சைடுங்கிற வெடிக்கிற பொருளா ஆகும், அது மூடியோட மரைக்குள்ள படிகமா காஞ்சு நின்னுச்சுன்னா திறக்கும்போது வர்ற உரசலே வெடிக்கப் போதும். ரூமப் பூட்டிட்டு, அதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க வந்துதான் எடுத்துட்டுப் போனாங்க. அந்த பாட்டில எப்போ திறந்தாங்கன்னு எங்கயும் எழுதல. அதனாலதான் அது அத்தன நாள் யார் கண்ணுலயும் படாம உட்கார்ந்திருந்துச்சு. டிஎச்எஃப்-பும் (டெட்ராஹைட்ரோஃபியூரான், இன்னொரு கரைப்பான்) இதே ரகம்தான். இப்போ நான் பாட்டில் வந்த தேதி, திறந்த தேதி ரெண்டும் எழுதி, மூணு மாசத்துக்கு ஒருதடவ பெராக்சைடு இருக்கான்னு காட்டுற டெஸ்ட் ஸ்ட்ரிப் வச்சு பாத்துடறேன். இன்னொன்னு, ஈதர சாதாரண ஃப்ரிட்ஜ்ல வைக்கவே கூடாது, உள்ள தேங்குற ஆவிக்கு தெர்மோஸ்டாட்டோட சின்னப் பொறி போதும்.

அப்புறம் இந்த "ஆசிட் அலமாரி". பேர்ல ஆசிட்னு இருந்தா எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிடறாங்க, எனக்கு பாத்தாலே பதறும். அசிட்டிக் ஆசிட் எரியிற பொருள், நைட்ரிக் ஆசிட் எரிய வைக்கிற பொருள், ரெண்டும் கசிஞ்சு ஒண்ணு சேந்தா என்னாகும்? ஏ, பி, சி வரிசைல அடுக்குறதும் இதே தப்புதான். எது எதோட சேரக்கூடாதுன்னு பாத்துப் பிரிச்சு, நைட்ரிக்க தனி ட்ரேல, தரையோட ஒட்டின தட்டுல வைங்க.

சிலிண்டருக்கு வருவோம். நிறைஞ்ச நைட்ரஜன் சிலிண்டர் உள்ள 150 பார் அளவுக்கு, அதாவது வெளிக்காத்தோட அழுத்தத்தப் போல கிட்டத்தட்ட 150 மடங்கு அழுத்தம் இருக்கும், விழுந்து வால்வு ஒடிஞ்சா அம்புட்டு கனமான இரும்பும் செவுரப் பேத்துட்டுப் போயிடும். அதனால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சங்கிலி, பாதி உயரத்துக்கு மேல கட்டணும், நாலஞ்ச சேத்து ஒரே சங்கிலில சுத்தினா ஒண்ண அவுக்கும்போது மத்ததும் ஆடும். ரெகுலேட்டர் போடாத நேரம் மூடி கட்டாயம். ஆக்சிஜனையும் ஹைட்ரஜன், அசிட்டிலீனையும் 6 மீட்டர் தள்ளி வைங்க, இடம் இல்லன்னா நடுவுல தீ தாங்குற சுவர் வேணும். ஆக்சிஜன் ரெகுலேட்டர எண்ணெய், கிரீஸ் பட்ட கையோட தொடாதீங்க, இறுகியிருக்குன்னு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாக்கூட தீப்பிடிக்கும்.

காலி சிலிண்டர்னு சொல்றோமே, அதுலயும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும், வால்வ மூடி, காலின்னு சீட்டு மாட்டித் தனியா நிறுத்தணும். அந்தச் சீட்டு எழுதவும் பாட்டில்ல தேதி போடவும் அலமாரிக் கதவுல ஒரு மார்க்கர நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கேன், ஏன்னா பேனா தேடணும்னுதான் பாதிப்பேர் அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுடறாங்க.