லெப்டின், அடிபோனெக்டின்: ரத்தம் எடுப்பதிலிருந்து எண் கைக்கு வரும் வரை

பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் 18 நானோகிராம் என்று ஒரு பரிசோதனைத் தாள் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்றுதான். அடுத்து, ஆணா பெண்ணா? மூன்றாவது, போன வாரம் அவர் சாப்பாட்டைக் குறைத்திருந்தாரா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணை நாங்கள் அட்டவணையில் ஏற்றுவதில்லை.

லெப்டின் கொழுப்புச் செல்களிலிருந்து வருவது. கொழுப்பு கூடக்கூட ரத்தத்தில் அதன் அளவும் கூடும். ஆனால் அது கொழுப்பின் எடையை மட்டும் காட்டுகிற தராசு அல்ல, சாப்பாட்டு வரவையும் சேர்த்தே காட்டும். இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் உடலில் கொழுப்பு பெரிதாகக் கரைந்திருக்காது, லெப்டினோ பாதிக்கும் கீழே போயிருக்கும். பரிசோதனைக்கு வருகிறோமே என்று இரண்டு நாள் முன்பே சோற்றைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அவர்களால் வரும் கெடுதல்தான் அதிகம். அதனால் முந்தைய மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு, பிறகு இரவு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, காலை 7 முதல் 9 மணிக்குள் ரத்தம் என்று எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

நேரத்தில் பிடிவாதம் காட்டக் காரணம் உண்டு. லெப்டின் நள்ளிரவை ஒட்டி உச்சத்தில் இருக்கும், பகலில் இறங்கும். சாப்பாட்டு நேரத்தை ஆறு மணி நேரம் தள்ளினால் இந்த ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளிப்போகும். இரவு வேலை செய்கிறவரிடம் கடிகார நேரத்தோடு, தூங்கி எழுந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுபடி அளக்கும்போதும் அதே நேரம்தான்.

சீரம் போதும். குழாயை அறை வெப்பத்தில் 30 முதல் 45 நிமிடம் உறைய விட்டு, 1500 ஜி விசையில் 10 முதல் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறோம். மேலே நிற்கும் சீரத்தை 250 மைக்ரோலிட்டர் வீதம் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். ஒரே பெரிய குழாயில் வைத்துத் திரும்பத் திரும்ப உருக்குவது பழைய தவறு. லெப்டினும், கொழுப்பிலிருந்தே வரும் இன்னொரு ஹார்மோனான அடிபோனெக்டினும் ஓரளவு தாங்கும். கூடவே அளக்கும் இன்சுலின் தாங்காது. சிவப்பணு உடைந்து சீரம் சிவந்திருந்தால், அதிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்து எண்ணைக் குறைத்துவிடும், அதை வைத்துப் போடும் இன்சுலின் எதிர்ப்புக் கணக்கும் பொய்யாகும். ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1 என்ற புரதத்தை அளப்பதாக இருந்தால் சீரம் கூடவே கூடாது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள சரக்கைக் கொட்டிவிடும். அதற்கு ரத்தத்தை உறைய விடாத சிட்ரேட் குழாயும், தட்டணு நீக்கிய பிளாஸ்மாவும் வேண்டும்.

இந்த ஹார்மோன்களைக் குழிகள் உள்ள பிளேட்டில் நிறமாற்றத்தை வைத்து அளக்கும் முறை எலைசா. அதில் பலர் சறுக்குமிடம் நீர்த்தல். லெப்டின் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருக்கும், அடிபோனெக்டின் 3 முதல் 30 மைக்ரோகிராம் வரை. ஆயிரம் மடங்கு வித்தியாசம். நீர்க்காத சீரத்தை அடிபோனெக்டின் பிளேட்டில் ஊற்றினால் எல்லாக் குழியும் ஒரே நிறத்தில் எரியும். எத்தனை மடங்கு என்பது கிட்டைப் பொறுத்தது. 500 மடங்கு என்றால் 2 மைக்ரோலிட்டரை 998-இல் போடாதீர்கள், அவ்வளவு சிறிய அளவில் பிப்பெட் நுனியில் ஒட்டுவதே பெரிய பிழையாகும். 10 மைக்ரோலிட்டரை 490-இல் கலந்து, அதிலிருந்து 50-ஐ எடுத்து 450-இல் கலக்க வேண்டும். பிளேட்டில் 16 நானோகிராம் வந்தால் 500-ஆல் பெருக்கி 8 மைக்ரோகிராம். இந்தப் பெருக்கலை மறந்து அனுப்பப்பட்ட அறிக்கைகள் நிஜமாகவே சுற்றுகின்றன.

உடல் பருமன் அதிகமானவரின் லெப்டின், தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஸ்டாண்டர்டு கர்வின் உச்சியைத் தாண்டினால், கோட்டை நீட்டி ஊகிக்காமல் நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு சாம்பிளும் இரண்டு குழியில் போக வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறுபாடு 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண் செல்லாது. பெரும்பாலும் கழுவலில்தான் கோளாறு இருக்கும். ஓரக் குழிகள் மட்டும் விலகி நின்றால் பிளேட் வெப்பம் சமமாகும் முன்பே வேலை தொடங்கியிருக்கிறது. இன்னொன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள். பயோட்டினோடு ஒட்டும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பயன்படும் சில கிட்களில் அது குறுக்கிட்டு எண்ணைத் தாழ்த்தும். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

இனி எண்ணைப் படிப்பது. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு லெப்டின் இரண்டு மூன்று மடங்கு இருப்பது இயல்பு, இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. முடிந்தால் பி.எம்.ஐ.-க்குப் பதில் எக்ஸ்-கதிரால் உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் கிடைக்கும் கொழுப்பு எடையோடு ஒப்பிடுங்கள். அடிபோனெக்டின் தலைகீழ்: கொழுப்பிலிருந்தே வந்தாலும் கொழுப்பு கூடினால், அதுவும் வயிற்றுக்குள் கூடினால், குறையும். கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க உதவுவது இது. ஆனால் கூடுதலாக இருந்தாலே நல்லது என்று எழுதிவிடக் கூடாது. சிறுநீரகச் செயலிழப்பிலும் இதயச் செயலிழப்பிலும் அது உயரும். பியோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே அடிபோனெக்டினும் ஏறும்.

எடை குறைத்தவரைத் தொடர்ந்து அளக்கும்போது, எடை இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் எடுக்கும் லெப்டின் கரைந்த கொழுப்புக்குப் பொருந்தாத அளவுக்குத் தாழ்ந்திருக்கும். எடை நிலைத்து நான்கு வாரமாவது கழித்தே ஒப்பீட்டுக்கு எடுக்கிறோம். இந்தத் தாழ்வை மூளை பஞ்சம் என்று படிக்கிறது: பசி கூடும், உடல் செலவிடும் கலோரி குறையும். எடையை 10 சதவீதம் குறைத்துத் தக்கவைத்தவர்களுக்கு லெப்டினைப் பழைய அளவுக்கு ஊசி மூலம் ஏற்றியபோது கலோரிச் செலவு மீண்டதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே லெப்டின் நிறைய இருக்கும் பருமனானவர்களுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தபோது பெரிய பலன் இல்லை.

கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காப் பசியும் கடும் பருமனும் உள்ள குழந்தைக்கு லெப்டின் அளவிட முடியாதபடி தாழ்ந்திருந்தால், அதைப் பிழை என்று ஒதுக்காமல் சேமித்த இன்னொரு குழாயில் உடனே மறுபடி ஓட்டுகிறோம். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகளைப் பற்றி 1997-இல் முதலில் தெரியவந்தது, அவர்களுக்கு லெப்டின் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. எண் நிறைய வந்தும் நோய் அச்சுஅசலாக அதே போல இருந்தால் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். ரத்தத்தில் இருந்தும் தன் ஏற்பியைத் தூண்டாத பிறழ்ந்த லெப்டின் 2015-இல் பதிவாகியிருக்கிறது, அதை எலைசா சாதாரண லெப்டினாகவே எண்ணிக் கொடுத்துவிடும்.