தெற்கு ஜெர்மனியில் குடும்பத்தோடு: கார் கைவிட்டது, ரயில் காப்பாற்றியது

தெற்கு ஜெர்மனியை வாடகைக் காரில் சுற்றத் திட்டமிடும் குடும்பங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பதிவில் குழந்தை இருக்கையைச் சேர்த்தாயிற்று, உறுதி மின்னஞ்சலும் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல இணையதளங்களில் அந்த இருக்கை வெறும் கோரிக்கைதான். கவுண்டரில் இருந்தால் தருவார்கள், இல்லையென்றால் கையை விரிப்பார்கள். மியூனிக்கில் எங்களுக்கு விரித்தார்கள்.

நாங்கள் இருப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் கோடைக்கு வந்திருந்தார்கள். மியூனிக் வரை ரயில், அங்கே தங்கி, காரில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, டேகெர்ன்ஸே ஏரி, பெர்ஷ்டெஸ்காடன் பக்கம் கோனிக்ஸே ஏரி என்று போட்டிருந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. கார் என்று முடிவு செய்ததே அதற்காகத்தான்.

கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தார், உள்ளே போனார், கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். முதுகுச் சாய்வே இல்லாத பூஸ்டர், அதாவது குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் வெறும் திண்டு. ஓரத்தில் துணி கிழிந்து உள்ளே வெள்ளை ஃபோம் தெரிந்தது. மூத்தவனுக்கு ஏழு வயது, அவனுக்கு வேண்டுமானால் அது சரி. சின்னவளுக்கு மூன்று. ஐந்து பட்டையோ முன் தடுப்போ உள்ள முழு இருக்கை அவளுக்கு வேண்டும் என்று என் கணவர் ஜெர்மனிலேயே சொன்னார். "பக்கத்தில்தானே போகிறீர்கள், மெதுவாக ஓட்டுங்கள்" என்று பதில் வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழே, 150 செ.மீ. உயரத்துக்குக் குறைவாக இருக்கும் குழந்தையை அதன் அளவுக்கேற்ற இருக்கை இல்லாமல் காரில் ஏற்றக் கூடாது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஏற்றிப் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளி. அபராதத்தை விடுங்கள், ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் மூன்று வயதுக் குழந்தையை எப்படி அப்படி உட்கார வைப்பது?

இருக்கை இல்லை என்று எழுதித் தரச் சொன்னோம், மறுத்துவிட்டார். இங்கேதான் என் கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. பூஸ்டரைப் படம் எடுத்து, இருக்கை குறிப்பிட்டிருந்த உறுதி மின்னஞ்சலோடு சேர்த்து, கவுண்டர் முன்னால் நின்றபடியே நிறுவனத்துக்கு அனுப்பினார். நேரத்தோடு அத்தாட்சி ஆகிவிட்டது. "விடும்மா, ரயில்லயே போயிடலாம். எனக்கு ரயில்தான் பிடிக்கும்" என்றார் அப்பா.

அன்று இரவே திட்டத்தை மாற்றிப் போட்டோம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள் சுற்ற பயர்ன் டிக்கெட் என்ற ஒரு நாள் ரயில் சீட்டுதான் வசதி என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்க, ஐந்து பேர் வரை, உள்ளூர் ரயில்களில் செல்லும். அதிவேக ரயிலில் ஏற முடியாது. ஆறு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். எடுக்கும்போதே பெயர்களை எழுதிவிட வேண்டும். பரிசோதகர் பெயரைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார், அதனால் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டுக் கிளம்பக் கூடாது.

ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அந்த டிக்கெட் செல்லுபடியாகும். கோட்டைக்குப் போகும்போது கத்திரி விழுவது இங்கேதான். நொய்ஷ்வான்ஸ்டைன் நுழைவுச் சீட்டில் நேரம் குறித்திருக்கும், தவறினால் போனதுதான். மியூனிக்கிலிருந்து ஃபுஸ்ஸனுக்கு ரயில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கோட்டை அடிவாரத்து ஊரான ஹோஹென்ஷ்வாங்காவுக்குப் பேருந்து, அப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் மலையேற்றம். ஆக, வார நாளில் பகல் 2 மணிக்கு முந்தைய நேரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இந்த 9 மணிக் கட்டுப்பாடு கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது மூன்றரை மணிச் சீட்டு. கடைசியில் அதுவே நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் வழியில் ஒரு பகுதியில் தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்தது.

ரயிலை ஒரு நிலையத்தில் நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். ஜெர்மனில் மட்டும் அறிவிப்பு. மாற்றுப் பேருந்து எங்கே நிற்கும் என்று ஊழியர் யாரும் சொல்லவில்லை. ஒரு கூட்டம் வலது பக்கம் ஓடியது, இன்னொரு கூட்டம் இடது பக்கம். 'எஸ்இவி' (SEV) என்ற மூன்றெழுத்துப் பலகையைத் தேடுங்கள். மாற்றுப் பேருந்து நிற்கும் இடம் அதுதான். நிலையத்துக்கு நேர் எதிரேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது, எங்களுக்குத் தெருவைத் தாண்டிப் பின்பக்கம் இருந்தது. லிஃப்டும் ஓடவில்லை. அப்பா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க, அம்மா அவர் பையையும் தன் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று மாலையே இரண்டு வேலை செய்தேன். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் ரயில் மாறக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் வேண்டும் என்று நாமே குறிக்கலாம். அதை இருபது நிமிடம் ஆக்கினேன். குறிக்காவிட்டால் ஆறு, ஏழு நிமிட இணைப்புகளையெல்லாம் அது தயங்காமல் காட்டும். தனியாளுக்கு அது போதும், முழங்கால் வலியும் தள்ளுவண்டியும் உள்ள குடும்பத்துக்குப் போதாது. அடுத்து, ரயில் நிலையங்களுக்கான இணையதளத்தில் எந்த நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறது, எதில் நின்றிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். மறுநாள் மாற வேண்டிய நிலையங்களை முந்தின இரவே பார்த்துவிடுவேன். பெரியவர்களோடு போகிறவர்கள் பயண நேரத்தைப் பார்த்து ரயிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எத்தனை முறை மாற வேண்டும் என்று பாருங்கள். முக்கால் மணி கூடினாலும் நேர் ரயில்தான் நல்லது.

கோட்டைக்குள் போய்ப் பார்ப்பது அரை மணி நேரச் சுற்றுதான், ஆனால் ஏறி இறங்க மொத்தம் 300 படிகளுக்கு மேல். தள்ளுவண்டியும் பெரிய முதுகுப் பையும் உள்ளே அனுமதி இல்லை. அப்பா அம்மா கீழேயே ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டார்கள், வருத்தப்படவும் இல்லை. உள்ளே பார்த்ததில் என்னைக் கவர்ந்தது சிம்மாசன மண்டபம். சுவரெல்லாம் தங்கம், தரையெல்லாம் மொசைக், ஆனால் சிம்மாசனம் மட்டும் இல்லை. 1869-இல் கட்டத் தொடங்கிய பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1886-இல் இறந்துவிட, அது செய்யப்படவே இல்லை. அவர் இறந்த சில வாரங்களிலேயே கோட்டையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

டேகெர்ன்ஸே போன நாள் அப்பாவின் நாள். அந்த வழித்தட ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரியும், ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரியும். ஒரே ரயிலின் வெவ்வேறு பெட்டிகள் வெவ்வேறு ஊருக்குப் போகும். கூட்டம் குறைவாக இருந்ததால் பின்னால் இருந்த பெட்டியில் ஏறிவிடலாம் என்று கிளம்பியபோது அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "இந்தப் பெட்டியில வேற பேர் எழுதியிருக்கு பாரும்மா." உண்மைதான், பெட்டிக்கு வெளியே பலகையில் பயரிஷ்ட்செல் என்று வேறோர் ஊரின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. மொழி தெரியாத மனிதர், எழுத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்! ரயிலின் நெற்றியில் இருப்பதை நம்பாமல், ஏறும் பெட்டியின் பலகையைப் படியுங்கள்.

சாப்பாட்டில் கஷ்டம் இல்லை. சைவத்துக்கு கேஸெஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸ் பெரும்பாலான உணவகங்களில் உண்டு, மேலே வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். அம்மா அதை விரும்பிச் சாப்பிட்டார். சூப் வாங்குமுன் இறைச்சிச் சாறா என்று கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவைதான் துணை. தயிரும் பழமும் சனிக்கிழமையே வாங்கி வைத்தோம்.

கோனிக்ஸேவுக்கு மியூனிக்கிலிருந்து ஃப்ரைலாஸிங்கில் மாறி பெர்ஷ்டெஸ்காடன், அங்கிருந்து பேருந்து. போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் அங்கே ஓர் இரவு தங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுகள்தான், அதனால் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. நடு ஏரியில் படகை நிறுத்தி ஊழியர் ஊதுகொம்பு வாசிக்க, பாறைச் சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. சின்னவள் "இன்னொரு தடவை" என்று கத்த, அதற்கும் படகு முழுக்கச் சிரிப்பு. திரும்பும் படகுக்கு மாலையில் நீண்ட வரிசை நிற்கும். இறங்கியதுமே கடைசிப் படகின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "வாடிக்கையாளர் கார் எடுக்க வரவில்லை" என்று முழுத் தொகையையும் பிடித்துக்கொண்டார்கள். கவுண்டரிலிருந்து அனுப்பிய மின்னஞ்சலும் படமும் அப்போதுதான் கைகொடுத்தன. நிறுவனம் இரண்டாவது கடிதத்துக்கும் மழுப்பியதால், கிரெடிட் கார்டு வங்கியில் தகராறு பதிவு செய்து அத்தனையையும் இணைத்தோம். பணம் முழுதாகத் திரும்பி வந்தது. கார்டில் கட்டியிருந்தால் இந்த வழி உண்டு, நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் கட்டியிருந்தால் இவ்வளவு சுலபம் இல்லை.

கார்தான் வேண்டும் என்பவர்கள் சொந்த இருக்கையைக் கையோடு கொண்டு போங்கள். சால்ஸ்பர்க் பக்கம் போய் ஆஸ்திரிய ஆட்டோபானில் ஏறுவதாக இருந்தால் விக்னெட் என்ற சுங்கச் சீட்டு வேண்டும், எல்லைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பயர்ன் டிக்கெட் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் செல்லும்.