தவளையைப் பாட வைத்த மனிதர்
பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு மைக்கேல் மால்டீஸைத் தெரியும்? 1908இல் நியூயார்க்கில் பிறந்தவர், கார்ட்டூன் ஸ்டுடியோவில் அடிமட்ட வேலையில் தொடங்கி, வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களின் கதைக்காரர் ஆனார். அங்கே கதை என்றால் வசனம் மட்டும் எழுதுவதில்லை. ஒவ்வொரு காமெடியையும் சின்னச் சின்னப் படமாக வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி, எல்லார் முன்னாலும் நடித்தே காட்ட வேண்டும்.

எனக்கு உயிர், 1955இல் சக் ஜோன்ஸ் இயக்கி இவர் கதை எழுதிய 'ஒன் ஃப்ராகி ஈவ்னிங்' என்ற தவளைக் கார்ட்டூன்தான். இடிக்கிற கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் தொப்பியும் கைத்தடியுமாக ஆடிப்பாடும் தவளை, ஆனால் கண்டெடுத்தவனைத் தவிர வேறு ஆள் பார்த்தால் தொங்கிய உடம்போடு வெறும் 'கொர்ர்' மட்டும். பாட்டு உண்டு, பேச்சு வசனம் ஒன்றுகூடக் கிடையாது, ஏழு நிமிடத்துக்குள், தவளையைக் காட்டிப் பணம் பண்ணத் துடிக்கும் அந்த மனிதனின் பேராசை முழுவதும் கண் முன்னால் வந்துவிடுகிறது!

அப்புறம் ஹன்னா-பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனத்துக்குப் போய் டிவிக்கு எழுதினார். 1981இல் காலமானார். அடுத்த முறை அந்தத் தவளைப் படத்தைப் பார்க்கும்போது ஆரம்ப டைட்டிலில் கொஞ்சம் நிறுத்துங்கள், 'கதை' என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும்.