கானா நோட்டு வாங்குமுன்: ஆறு விதமான ‘பத்து’

சேகரிப்புக்காக ஆப்பிரிக்க நாடான கானாவின் பணநோட்டு வாங்கும்போது, விற்பவர் ‘கானா 10, பழையது’ என்று மட்டும் எழுதியிருந்தால் பணம் அனுப்பாதீர்கள். 1965, 1967, 1973, 1979, 1984, 2007 என்று குறைந்தது ஆறு வரிசைகளில் 10 இருக்கிறது. விலை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. இரண்டு பக்கத்துக்கும் படம் கேளுங்கள்.

வரிசையைப் புரிந்துகொள்ள அந்த நாட்டின் பணக் கதை போதும். 1958ல் வந்தவை 10 ஷில்லிங், 1 பவுண்டு, 5 பவுண்டு. வங்கிகளுக்கிடையே மட்டும் ஓடிய 1,000 பவுண்டு நோட்டும் உண்டு. இந்தக் காலத்துக்கு மத்திய வங்கிக் கவர்னரின் கையெழுத்துதான் அடையாளம்: முதலில் எகில்ஸ்டன், அடுத்து கெசல்ஸ், 1962க்குப் பிறகு ஹால்ம். ஒரே மதிப்பில் மூன்று கையெழுத்தையும் சேர்ப்பது நல்ல தொடக்க இலக்கு.

1965 ஜூலையில் பவுண்டுக்குப் பதிலாக ‘சீடி’ என்ற நாணயம் வந்தது, முதல் அதிபர் நிக்ருமாவின் முகத்துடன். ஒரு சீடிக்கு 8 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது நூறு பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). 1966 பிப்ரவரியில் அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. மறுவருடம் அவர் முகம் இல்லாத ‘புதிய சீடி’ வந்தது, 1.20 பழைய சீடிக்கு 1 என்ற கணக்கில். எனவே நிக்ருமா நோட்டுகள் புழங்கியது சுமார் இரண்டே வருடம். அவற்றில் தேதி அச்சாகவில்லை என்பதால், ‘1965’ என்று நோட்டில் தேடிக் களைக்க வேண்டாம்.

எழுபதுகளில் ‘புதிய’ என்ற சொல் போய் வெறும் சீடி ஆனது. கவண் பிடித்த சிறுவன் 1 சீடி, அகன்ற தொப்பி அணிந்த பெண் 5, புகைக்குழாய் முதியவர் 10. என் கணக்கில் கானா அச்சிட்டதிலேயே அழகான வரிசை இதுதான். 1979 மார்ச்சில் இவை திடீரென்று செல்லாதவை ஆக்கப்பட்டன. 5,000 சீடி வரை பத்துக்கு ஏழு, அதற்கு மேல் பத்துக்கு ஐந்துதான் திரும்பக் கிடைத்தது. அப்போது வந்த புதிய வரிசையின் 50 சீடியையும் 1982ல் ராணுவ ஆட்சியாளர் ராலிங்ஸின் அரசு செல்லாததாக்கியது.

2007ல் நான்கு சுழியம் வெட்டப்பட்டு, 10,000 சீடி ஒரு கானா சீடி ஆனது. ஆகவே பழைய 10 சீடி நோட்டின் முகமதிப்பைப் பார்த்து விலை பேசுவது வீண். வரிசைக்கு அடுத்து விலையைத் தீர்மானிப்பது நோட்டின் நிலைமைதான்.

நிலைமையைப் பார்க்கச் சாய்வான வெளிச்சம் போதும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நோட்டைத் திருப்பினால், அழுத்தி நிமிர்த்திய நடுமடிப்பும் கோடாகத் தெரியும். தொட்டுப் பார்க்கும்போது மேடாக இருக்க வேண்டிய அச்சு வழவழவென்று தட்டையாக இருந்தால், அது அழுத்தப்பட்டதாகவோ கழுவப்பட்டதாகவோ இருக்கலாம். புறஊதா விளக்கில் தாள் முழுதும் நீலமாக ஒளிர்ந்தால் சலவைத்தூள் சந்தேகம். நோட்டுத் தாள் பொதுவாக மங்கலாகத்தான் இருக்கும். அழுத்திய, கழுவிய நோட்டை ‘யுஎன்சி’ (புழக்கத்துக்கே வராத புத்தம்புதியது) என்று விற்றால் விலகிவிடுங்கள்.

வந்ததும் பிவிசி உறையில் போடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கை இளக்குவதற்குச் சேர்க்கும் எண்ணெய் காலப்போக்கில் கசிந்து தாளில் பிசுபிசுப்பையும் கறையையும் விடும். மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை வாங்குங்கள், நோட்டைவிட சில மில்லிமீட்டர் பெரிதாக. லேமினேஷன், செலோ டேப், இஸ்திரிப் பெட்டி மூன்றும் கூடாது. நோட்டில் பென்சிலால் குறிப்பும் வேண்டாம். உறைக்குள் அமிலமற்ற தாள்துண்டில் ஆண்டு, கையெழுத்து, சீரியல் எண் எழுதி வையுங்கள்.