கடைசி பாரா

2015 டிசம்பர் 28 இரவு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த கொரியப் பெண்கள் குறித்து ஜப்பான், தென் கொரிய வெளியுறவு அமைச்சர்கள் சியோலில் அறிவித்த உடன்பாட்டுச் செய்தியை நான்தான் சுருக்கினேன். ஜப்பான் தரவிருந்த 100 கோடி யென், அதன் பிரதமர் அபேயின் மன்னிப்பு, ‘இறுதியானது, மாற்ற முடியாதது’ என்ற சொற்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அமெரிக்கா வரவேற்றது என்ற கடைசி பாராவை வெட்டினேன். பக்கத்திலிருந்த இளம் உதவி ஆசிரியர், “அண்ணே, இதை எடுத்துட்டா ரெண்டு பேரும் தாங்களாவே உட்கார்ந்து பேசி முடிச்ச மாதிரி ஆயிடுமே?” என்றார். “வரவேற்காத நாடு எது தம்பி?” என்றேன்.

அந்தப் பதில் இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது, உறுத்துவதும் அதுதான். ஏஜென்சி செய்தியில் ‘வரவேற்றது’ என்றிருந்ததே தவிர ‘நெருக்கியது’ என்றில்லை. இல்லாததை எழுதுவது டெஸ்க்கின் வேலையன்று. ஆனால், முகம் கொடுத்துப் பேசாதிருந்த தென் கொரிய அதிபர் பார்க் கியூன் ஹேவையும் அபேயையும் 2014 மார்ச்சில் தி ஹேக் நகரில் ஒபாமா ஒரே மேசையில் அமர்த்தியதும், பழைய எதிரியைத் தூற்றினால் மலிவான கைதட்டல் கிடைக்கும் என்ற பொருளில் அமெரிக்க அதிகாரி வெண்டி ஷெர்மன் 2015 பிப்ரவரியில் பேசியதற்குச் சியோல் கொதித்ததும் எனக்குத் தெரியாதவை அல்ல. வட கொரியாவையும் சீனாவையும் எண்ணி, வாஷிங்டனுக்கு இந்த இரு நட்பு நாடுகளின் சண்டை முடிந்தாக வேண்டியிருந்தது.

அழுத்தம் என்றாலே தீங்கு என்றும் சொல்ல முடியவில்லை. ஜப்பான் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று 2007இல் தீர்மானம் போட்டதும், 2013 டிசம்பரில் போர்க் குற்றவாளிகளும் போற்றப்படும் யாசுகுனி ஆலயத்துக்கு அபே போனபோது வெளிப்படையாக ஏமாற்றம் தெரிவித்ததும் அதே அமெரிக்காதான். எனினும், அப்போது உயிரோடிருந்த 46 பெண்களின் கருத்து போதிய அளவு கேட்கப்படவில்லை என்று 2017 இறுதியில் கொரிய அரசின் ஆய்வுக் குழு சொன்னபோது, தம்பியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

2023 மார்ச்சில், ஜப்பானிய நிறுவனங்களில் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்குக் கொரிய அறக்கட்டளையே இழப்பீடு தரும் என்ற அறிவிப்பு வந்தபோது, பைடன் வரவேற்றதை மறக்காமல் இரண்டாம் பாராவிலேயே வைத்தேன். இடம் போதவில்லை. உயிரோடிருந்த வழக்காளிகள் அந்தப் பணத்தை ஏற்க மறுத்த செய்தி கடைசி பாராவில் இருந்தது, அதை வெட்டினேன். அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய் நாளாகியிருந்ததால், அன்று என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.